அம்மாவின் ஏர் பெட்டுக்கு எத்தனை பாயிண்ட் காத்து?

காட்பாடியில் சித்தூர் போகிற ரோட்டில் 26 வருஷமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். சைக்கிள், ஸ்கூட்டர், ஷேர் ஆட்டோ, கரும்பு லாரி என்று நான் காத்து பிடிக்காத வண்டி இல்லை. டயரைக் கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் எத்தனை பாயிண்ட் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். கேஜ் வைத்துப் பார்த்தால் ஒன்று இரண்டுதான் முன்னே பின்னே இருக்கும். அப்படிப்பட்டவன் பெற்ற தாயின் மெத்தைக்குக் காத்தைத் தப்பாக வைத்து ஒன்பது நாள் ஓட்டினேன். ஏர் பெட் என்றால், படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் படுக்கைப் புண் வராமல் இருக்கப் போடுகிற, பம்பு வைத்த காத்து மெத்தை. ஏழு மாசத்தில் இரண்டு வாங்கியாகிவிட்டது. இரண்டைப் பற்றியும் எழுதுகிறேன். விலை, வாரண்டி எல்லாம் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். காத்து எவ்வளவு வைக்கணும் என்பதைத்தான் எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

போன கார்த்திகையில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டது. வயசு 74, எடை 41 கிலோ. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி வாசம் முடிந்து வீட்டுக்குக் கூட்டி வரும்போது சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்: ஏர் பெட் போடவும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கவும். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் எல்லாம் 'வாட்டர் பெட் வாங்கு' என்றார்கள். ஏர் பெட்டையே வாட்டர் பெட் என்று சொல்கிறவர் பாதிப் பேர், நிஜமாகவே தண்ணி ரொப்புகிற பையைச் சொல்கிறவர் மீதிப் பேர். எந்த மாமா எதைச் சொல்கிறார் என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு நாள் போய்விட்டது.

வேலூரில் சர்ஜிக்கல் கடைக்குப் பஞ்சமா? ஐடா ஸ்கடர் ரோட்டில் நடந்தாலே வாக்கரும் கமோடு நாற்காலியும் வாசலில் தொங்கும். நான் போனது தெரிந்தவர் கைகாட்டிய வேறொரு இடத்துக் கடை. பெயர் வேண்டாம். குமிழ் குமிழாக, பஜ்ஜித் தட்டில் போண்டா அடுக்கினாற்போல் இருக்கிற பபிள் மெத்தை, பம்போடு சேர்த்து 2,400 ரூபாய். கடைப் பையன் டப்பாவைப் பிரித்துக்கூடக் காட்டவில்லை. "கட்டில் மெத்தை மேலயே விரிச்சிடுங்கண்ணா. திருகை ஃபுல்லா வெச்சிடுங்க, அப்பதான் தாங்கும்" என்றான். ஃபுல்லா வெச்சிடுங்க. என் தொழிலில் தினம் நாப்பது பேர் என்னிடம் சொல்கிற அதே வார்த்தை. அதனாலேயே நம்பிவிட்டேன் போல.

வீட்டில் விரித்தோம். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நீட்டிக்கொண்டிருக்கிற பட்டையைக் கீழ் மெத்தைக்கு அடியில் சொருகணும், இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு வரும். பம்பைக் கால்மாட்டுக் கம்பியில் கொக்கி போட்டு மாட்டணும். இரண்டு குழாய். அதில் ஒன்று கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே மடங்கிப் போய், முதல் நாள் பாதிக் குமிழ் எழும்பவே இல்லை. மனைவி மெத்தை ஓட்டை என்றாள். நான் போய் மடிப்பை எடுத்துவிட்டேன். அதுவரைக்கும் ஏதோ எல்லாம் தெரிந்தவன் மாதிரிதான் இருந்தேன்.

கை சும்மா இருக்காதே. ஒரு மத்தியானம் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பம்பைத் திறந்து பார்த்தேன். ஒரு காயில், அதன் முன்னால் துடிக்கிற காந்தம், காந்தத்தின் முனையில் ரப்பர் டயாபிரம். மீன் தொட்டியில் குமிழி விடுகிற மோட்டார் இருக்குமே, அதே சங்கதிதான். பக்கத்தில் கடிகார முள் மாதிரி மெதுவாகச் சுற்றுகிற இன்னொரு சின்ன மோட்டார் ஒரு வட்டத் தட்டைத் திருப்பிக்கொண்டே இருக்கிறது. தட்டில் இருக்கிற வழி ஒரு குழாய்க்கு நேராக வரும்போது அந்த வரிசைக் குமிழ்களில் காத்து ஏறும், அடுத்த வரிசையில் இறங்கும். ஐந்தாறு நிமிஷத்தில் அது மாறும். ஒரு முழுச் சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். வெளியே இருக்கிற திருகு வேறொன்றும் செய்யவில்லை, அதிகப்படி காத்தை வெளியே கசிய விடுகிறது. எனக்குத் திருப்தி. புத்திசாலித்தனமான சாமான், இரைச்சலும் குறைவு. ராத்திரி காதை வைத்துக் கேட்டால் வண்டு முனகுகிற சத்தம், அவ்வளவுதான்.

பம்பின் அடியில் லேபிள் இருந்தது. 50 முதல் 100 வரை என்று பாதரச மில்லிமீட்டர் கணக்கில் போட்டிருந்தது. பி.பி. பார்க்கிற அதே கணக்கு. நாம் கேஜில் பார்க்கிற ஒரு பாயிண்ட், அதாவது ஒரு பி.எஸ்.ஐ., அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட 52. ஆக, மெத்தையில் இருப்பது ஒன்றிலிருந்து இரண்டு பாயிண்ட் காத்து. பைக்கின் முன் டயருக்கே 25 வைக்கிறவன் நான். சிரிப்புதான் வந்தது. இதில் கூட இன்னா, குறைச்சல் இன்னா என்று திருகைக் கடைசி வரைக்கும் திருப்பிவிட்டேன். கையால் தட்டிப் பார்த்தேன், டங்கென்று நின்றது. சரியாகப் போச்சு என்று கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்தார். வந்ததும் பி.பி. பார்க்கவில்லை. மெத்தையில் கையை வைத்து அழுத்தினார்.

"அண்ணா, பெட்டு இன்னா இப்பிடி கல்லு மாதிரி கீது?"

"காத்து நல்லா ஏறிக்கீது சிஸ்டர். நானே பாத்து வெச்சேன். நமக்கு அதான் தொழிலு."

அவர் ஒன்றும் சொல்லாமல் மனைவியின் உதவியோடு அம்மாவை இடது பக்கம் ஒருக்களித்தார். வால் எலும்புக்கு மேலே பழைய ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு இடம். எங்கள் வீட்டில் எல்லாரும் நல்ல கருப்பு. 'சிவந்திருக்கா பாருங்க' என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதால் மனைவியும் தினம் சிவப்பைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். நம் தோலில் சிவப்பு எங்கே தெரியும்? அந்த இடம் சுற்றியிருக்கிற தோலைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக, நாகப்பழத் தோல் மாதிரி மங்கலாக இருந்தது. சிஸ்டர் புறங்கையை அங்கே வைத்தார், பிறகு பக்கத்தில் வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். அந்த இடம் மட்டும் சூடு. விரலால் தொட்டால் கொஞ்சம் கெட்டி. விரலை அழுத்தி எடுத்தால் நிறம் மாறவே இல்லை. மாறாவிட்டால் உள்ளே ரத்தம் தடைப்பட்டிருக்கிறது, படுக்கைப் புண்ணின் முதல் படி இதுதான், தோல் உடைவதற்கு முன்னால் பிடித்துவிட்டோம் என்றார்.

நான் அந்த இடத்தைத் தேய்த்து விடப் போனேன். கையைத் தட்டிவிட்டார். எலும்பு மேட்டில் நிறம் மாறின இடத்தைத் தேய்க்கவே கூடாதாம், உள்ளே இருப்பதும் கெட்டுப் போகும். நடுவில் ஓட்டை இருக்கிற ரிங் தலகாணி வாங்கி வைத்திருந்தோம், அதையும் எடுத்து ஓரமாகப் போடச் சொன்னார். ஓட்டையைச் சுற்றி இருக்கிற வளையம் அழுத்தி நடுவில் இருக்கிற தோலுக்கு வருகிற ரத்தத்தை நிறுத்திவிடும் என்றார். அந்த ரிங் 350 ரூபாய். விமர்சனம் வேண்டுமென்றால் அதற்கு இந்த ஒரு வரி போதும்.

"இன்னாம்மா, வலிக்கவே இல்லியா உனுக்கு?" என்று அம்மாவைக் கேட்டேன்.

வாய் கோணிப் போனதில் அம்மா பேச்சு பாதிதான் புரியும். "இன்னாத்துக்கு வலிக்குது?" என்றது. அது என் தலையில் அடித்தாற்போல் இருந்தது. கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் குணமான ஒரு பெரியவர் என் கடைக்கு வருஷக்கணக்கில் சைக்கிளோடு வருவார். பஞ்சர் போட்டு முடிவதற்குள் மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பைக் கழற்றி, இரண்டு பாதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "எனக்கு வலி தெரியாதுப்பா, கண்ணாலதான் தெரிஞ்சிக்கணும்" என்பார். 1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட் டாக்டர் கண்டுபிடித்ததும் அதைத்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தொழுநோய்க்காரரின் விரலும் காலும் தானாக அழுகுவதில்லை. வலி சொல்லாத இடத்தில் அழுத்தமும் காயமும் சேர்ந்து சேர்ந்துதான் புண்ணாகிறது. பாகாயத்துப் பக்கம் இருந்து டயர் கொண்டுவருகிற, வீல்சேரில் இருக்கிற பையன் ஒருத்தன், பேசிக்கொண்டே இருக்கும்போது இரண்டு கையையும் ஊன்றி இடுப்பைத் தூக்கி இறக்குவான். ஏன்டா என்று கேட்டால், "அடியில கீற தோலுக்குக் காத்து காட்றேண்ணா" என்பான். இவ்வளவும் கடை வாசலிலேயே பார்த்தவனுக்கு வீட்டில் புத்தி வரவில்லை.

சிஸ்டர் என் கையை எடுத்து மெத்தைக்கு அடியில் விடச் சொன்னார். ஏர் பெட்டுக்கும் கீழே இருக்கிற பஞ்சு மெத்தைக்கும் நடுவில், உள்ளங்கை மேலே பார்க்க, சரியாக அம்மாவின் வால் எலும்புக்கு நேராக. மேலே ஒன்றும் தெரியவில்லை, பலகை மாதிரி இருந்தது. திருகைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொன்னார். கைக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு அங்குலம் காத்து இருக்கணும். அதற்குக் குறைந்து எலும்பு கையில் இடித்தால் காத்து பத்தவில்லை. எலும்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு விறைப்பாக இருந்தால் அதிகம். அம்மா படுத்திருக்கிற இடத்தில் மெத்தை கொஞ்சம் அமுங்கி, உடம்பு அதில் உட்கார்ந்தாற்போல் இருக்கணும்.

அங்கேதான் எனக்கு விளங்கியது. காத்து கம்மியான டயர் ரோட்டில் அகலமாக உட்காரும். வண்டிக்கு அது கெடுதல், இழுக்காது, ஓரம் தேயும். அதனால்தான் 26 வருஷமாக எல்லாருக்கும் 'கட்டியா வைங்க' என்று சொல்லிப் பழகிவிட்டேன். கட்டியாக இருந்தால் டயர் ரோட்டைத் தொடுகிற இடம் சின்னது, பாரம் அத்தனையும் அந்தச் சின்ன இடத்தில். உடம்புக்கு அதுதான் ஆகாது. மெத்தை தளர்ந்து கொடுத்தால் உடம்பு அகலமாக உட்காரும், 41 கிலோவும் பரவிப் போகும், எலும்பு முனையில் விழுகிற பாரம் குறையும். ஆனால் ரொம்பத் தளர்ந்தால்? ரிம் ரோட்டில் இடிக்கும் இல்லையா, அதே மாதிரி எலும்பு கட்டிலில் இடிக்கும். என் கட்டை விரலுக்குத் தெரிந்த கணக்குதான். தலைகீழாகப் போடணும் என்பதுதான் தெரியவில்லை.

தங்கச்சி மகள் நர்சிங் படிக்கிறாள். அவள் சொன்ன கணக்கு ஒன்று. தோலுக்குள் ஓடுகிற மயிரிழை ரத்தக் குழாயில், ரத்தம் உள்ளே வருகிற முனையில் இருக்கிற அழுத்தம், அதே பாதரசக் கணக்கில், சுமார் 32. 1930இல் லாண்டிஸ் என்கிற ஆராய்ச்சியாளர் நகக்கண் ஓரத்தில் அளந்தது. ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னாள். 32 என்றால் நம் கணக்கில் முக்கால் பாயிண்ட்கூட இல்லை. நான் இரண்டு பாயிண்ட் என்று சிரித்தேனே! அந்த அளவுக்கு மெத்தையை எப்போதும் வைத்திருக்க முடியாது என்பதால்தான் வரிசை மாற்றி வரிசை இறக்கி, ஒவ்வொரு இடத்துக்கும் சில நிமிஷம் மூச்சு விடக் கொடுக்கிறார்கள். நான் திருகை முழுக்கத் திருப்பி வைத்ததில், இறங்க வேண்டிய குமிழும் சரியாக இறங்கவில்லை. மாற்றி மாற்றிக் காத்து போகிற மெத்தையைப் பணம் கொடுத்து வாங்கிப் பலகையாக மாற்றி வைத்திருந்தேன்.

இறக்கி வைத்து, அந்தப் பக்கம் பாரமே படாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்ததில் நாலு நாளில் அந்த நிறம் தணிந்தது. திருகு நிற்க வேண்டிய இடத்தில் மகளின் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். இன்றைக்கும் காலை, மாலை இரண்டு வேளை கையை உள்ளே விட்டுப் பார்க்கிறேன். புள்ளியை மட்டும் நம்பினால் ஆகாது. டயாபிரம் தளர்ந்தால், அடியில் இருக்கிற தூசிப் பஞ்சு அடைத்தால், புள்ளி அங்கேயே இருக்கும், காத்து இருக்காது. இன்னொன்று, சோறு ஊட்டத் தலைமாட்டை உயர்த்தினால் பாரம் முழுக்கப் பின்பக்கத்தில் இறங்கும். படுத்திருக்கும்போது ஒரு அங்குலம் இருந்த இடத்தில் அப்போது எலும்பு இடிக்கும். அதனால் உட்கார வைத்தும் ஒருமுறை கை விட்டுப் பார்க்கணும். சாப்பாடு முடிந்து அரை மணி கழித்துத் தலைமாட்டை இறக்கிவிடுகிறோம். உயர்த்தியே விட்டால் உடம்பு கீழே சறுக்கும், தோல் மெத்தையோடு ஒட்டி நிற்கும், எலும்பு மட்டும் நகரும். உள்ளுக்குள்ளேயே கிழியும் என்றார் சிஸ்டர். குதிகாலுக்கு எந்த மெத்தையும் பத்தாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலகாணி கொடுத்து, குதிகால் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்க விடணும்.

விரிப்பு விஷயத்தில் வீட்டில் சண்டையே வந்தது. மனைவிக்கு மெத்தை அழுக்காகக் கூடாது. முதலில் ரெக்ஸின், அதன் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் நாலாக மடித்த பழைய சேலை, அதன் மேல் பெட்ஷீட். இத்தனைக்கும் மேலே அம்மா. "அடியில மெத்த ஆடுதா ஆடலியான்னு அத்தைக்கி எப்பிடித் தெரியும்?" என்று அவளே ஒரு நாள் கேட்டாள். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் உருவிவிட்டு அம்மாவின் நூல் சேலை ஒன்று, ஒற்றை மடிப்பில், இறுக்கி இழுக்காமல் விரிக்கிறோம். இறுக்கி இழுத்துச் சொருகினால் தொட்டில் துணி மாதிரி விறைத்து நின்று, மெத்தையின் வேலையைக் கெடுத்துவிடும். மேலே ஒரு டயப்பர் பேடு, அதுவும் ஒன்றே ஒன்று. பபிள் மெத்தையின் பெரிய குறை இங்கேதான். அது பி.வி.சி. நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் முதுகு வேர்த்து ஊறிவிடும். ஊறின தோல் சீக்கிரம் பிய்யும். மே மாசம் பூராவும் மின்விசிறி அம்மாவுக்கு, ஈர டவல் எனக்கு.

பஞ்சரும் ஆனது. பஞ்சர் கடைக்காரன் வீட்டு மெத்தை பஞ்சர் என்று தெரு முழுக்கச் சிரித்தது. குடியாத்தத்தில் இருந்து வந்த தங்கச்சி, சேலை நழுவாமல் இருக்க ஒரு ஊக்கு குத்தியிருக்கிறாள். சோப்புத் தண்ணி தடவி இடத்தைப் பிடித்தேன், அது பெரிய வித்தை இல்லை. சைக்கிள் டியூபுக்குப் போடுகிற சொல்யூஷன் தடவி, ரப்பர் ஒட்டு வைத்து, சுத்தியால் தட்டினேன். மூணாம் நாள் காலையில் ஒட்டு அப்பளம் மாதிரி எழும்பி நின்றது. ரப்பர் சொல்யூஷன் ரப்பரைத்தான் பிடிக்கும், பி.வி.சி.யைப் பிடிக்காது. அதற்கு வினைல் பசையும் பி.வி.சி. துண்டும் வேணும். டப்பாவுக்குள்ளேயே ஒரு சின்னப் பொட்டலத்தில் இரண்டும் இருந்தது. கடைப் பையன் டப்பாவைத் திறக்கவில்லை என்றேனே, நானும் மெத்தையையும் பம்பையும் எடுத்ததோடு சரி, உள்ளே வேறென்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பொட்டலம் அட்டைக்கு அடியில் கிடந்தது.

வேலூரைப் பற்றி ஒரு பழமொழி உண்டு, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை என்று. சாமி இல்லாத கோயில் என்றும் சேர்ப்பார்கள், 1981இல் ஜலகண்டேஸ்வரரைத் திரும்ப வைத்த பிறகு அது மட்டும் கணக்கில் இருந்து போய்விட்டது. சித்திரையில் ஒரு ராத்திரி மூணு மணி நேரம் கரண்ட் போனபோது அந்த இடத்தில் 'காத்து இல்லாத பெட்டு' என்று சேர்த்துக்கொண்டேன். பபிள் பம்பில் கரண்ட் நின்றால் காத்து வந்த வழியே இறங்கிவிடும். கால் மணி நேரத்தில் அம்மா கட்டில் மெத்தையில் கிடந்தது. அடுத்த முறை கரண்ட் போனதும் இரண்டு குழாயையும் பம்பில் இருந்து பிடுங்கி, மடக்கி, பழைய சைக்கிள் டியூபில் வெட்டின வளையம் போட்டு இறுக்கினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கியது. ஆனால் அப்போது மாற்றி மாற்றி ஏறி இறங்குகிற வேலை நடக்காது, ஆகவே அடிக்கடி திருப்பிப் போடணும். நிரந்தர வழி இன்வெர்ட்டர்தான். பம்புக்கு ஏழு வாட்ஸ் போதும், சின்ன இன்வெர்ட்டரே ராத்திரி முழுக்க ஓட்டும். கடையில் இருந்த பழையதைத்தான் மாட்டினேன். மட்டமான இன்வெர்ட்டரில் பம்பு கொஞ்சம் அதிகமாக முனகும், அவ்வளவுதான்.

ஐந்தாம் மாசம் பம்பில் ஒரு பக்கம் காத்து வராமல் போனது. டயாபிரத்தில் நூல் மாதிரி விரிசல். மீன் தொட்டிக் கடையில் கேட்டேன், அளவு ஒத்து வரவில்லை. வாங்கின இடத்துக்குப் போனால், ஒரு வருஷ வாரண்டி உண்டு, ஆனால் பில்லில் சீல் இல்லை என்றார்கள். சீல் போட வேண்டியது அவர்கள். அரை மணி நேரம் நின்று கேட்டேன். முதலாளி போனில் இருந்தார், கடைசி வரைக்கும் போனிலேயே இருந்தார். வாங்கும்போதே பில்லில் சீல், தேதி, பம்பின் நம்பர் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடையிலேயே பம்பைப் போட்டு, இரண்டு குழாய் வாயிலும் விரலை வைத்து, ஒன்றில் காத்து வந்து பிறகு மற்றொன்றில் வருகிறதா என்று பத்து நிமிஷம் நின்று பாருங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அப்புறம் வாங்கியதுதான் குழாய் மெத்தை. வேறு கடை, 6,900 ரூபாய். குறுக்கே 18 குழாய், ஒவ்வொன்றும் நாலு அங்குல உயரம், நைலான் துணி. தலைப்பக்க மூன்று குழாய் மட்டும் ஏறி இறங்காது, கழுத்து ஆடாமல் இருக்கட்டும் என்று அப்படியே நிற்கும். ஒரு குழாய் போனால் பட்டனைக் கழற்றி அதை மட்டும் மாற்றலாம். இது ஒன்றுக்காகவே, நான் ஸ்டெப்னி வைத்துப் பழகின ஆள், இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தது தப்பில்லை என்பேன். வேர்வை நிஜமாகவே குறைந்தது. கரண்ட் போனால் குழாய் முனையை மூட மூடியும் கொடுத்திருக்கிறார்கள், சைக்கிள் டியூபுக்கு வேலை இல்லை. திருகைச் சுற்றி 40, 60, 80 என்று கிலோ போட்டிருக்கிறது. அம்மா எடைக்கு 40இல் வைத்தால் படுத்திருக்கும்போது கணக்குச் சரி, தலைமாட்டை உயர்த்தினால் இடிக்கிறது. அதனால் ஊட்டும்போது 60, படுக்கும்போது 40. கிலோ எண் ஆரம்பப் புள்ளிதான், கை சொல்வதுதான் கணக்கு.

குறை இல்லாமல் இல்லை. கட்டில் நாலு அங்குலம் உயர்ந்துவிட்டதால் பக்கத் தடுப்புக் கம்பி குட்டையாகிவிட்டது, புரண்டால் தாண்டி விழலாம். கம்பிக்கு மேல் ஒரு குழாய் வைத்து வெல்டிங் பிடித்தோம். பிசியோதெரபிக்காரர் அம்மாவை ஓரத்தில் உட்கார வைத்தால் கால் தரையைத் தொடவில்லை, ஓரமும் அமுங்கி வழுக்கியது. அந்த நேரத்துக்கு மட்டும் திருகை உச்சத்தில் வைத்து, காலுக்கு அடியில் மரப் பலகை போடுகிறோம். பயிற்சி முடிந்ததும் திரும்ப இறக்க மறக்கக் கூடாது என்று மனைவி பம்பின் மேலேயே சாக்பீஸால் '40' என்று எழுதி வைத்திருக்கிறாள். துணி வழுவழுப்பு, சேலை நிற்பதில்லை. ஊக்கு மட்டும் யாரும் குத்துவதில்லை.

பபிள் மெத்தைக்கு ஐந்துக்கு மூன்று, குழாய் மெத்தைக்கு நாலு. இரண்டோடும் வந்த உபயோகக் குறிப்புத் தாளுக்கு ஒன்றுகூடக் கொடுக்க மனசில்லை, கையை உள்ளே விட்டுப் பார் என்கிற ஒரு வரி இரண்டிலும் இல்லை. எந்த மெத்தை வாங்கினாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புகிற வேலை நமக்குத்தான். ராத்திரி பத்து, பன்னிரண்டு மனைவி. இரண்டு, நாலு நான். முழுக்க ஒருக்களிக்காமல், முதுகுக்கு அண்டையில் தலகாணி கொடுத்துக் கொஞ்சம் சாய்த்தாற்போல்தான் படுக்க வைக்கிறோம், இடுப்பு எலும்பில் நேராகப் பாரம் இறங்கக் கூடாது. நாலு மணிக்குத் திருப்பும்போது அம்மா முழித்துக்கொள்ளும். "காத்து பாத்தியாடா?" என்று கேட்கும். அந்த வார்த்தை மட்டும் இப்போது தெளிவாக வருகிறது.

பழைய பபிள் மெத்தையை, வேறு பம்பு மாட்டி, பின் தெருவில் இடுப்பு எலும்பு உடைந்து கிடக்கிற ஒரு பாட்டிக்குக் கொடுத்தேன். நானே போய் விரித்து, குழாயை மடங்காமல் விட்டு, கையை உள்ளே விட்டுப் பார்த்துத் திருகை வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் கடையில் லாரி டயருக்குக் காத்து பிடித்துக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டுப் பையன் போன் பண்ணினான்.

"அண்ணா, பெட்டு தொளதொளன்னு கீதுண்ணா. ஃபுல்லா வெச்சிடட்டுமா?"

"வெக்காத. பாட்டிக்கு அடியில கையை வுட்டுப் பாரு மொதல்ல. வுட்டுட்டு இன்னா தெரியுதுன்னு சொல்லு, நான் லைன்லயே கீறேன்" என்றேன். கம்ப்ரசரை நிறுத்தினால்தான் அவன் பேசுவது கேட்கும். நிறுத்திவிட்டு நின்றேன்.